இலங்கையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எங்கே தங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கொழும்பில், வெள்ளவத்தையில். ஆடியும் மார்கழியும் நெருங்கினால் கனடாவில் இருக்கும் அத்தையின் பிள்ளைகள் தொடங்கி சென்னையில் என்னோடு படித்தவர்கள் வரை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இலங்கைக்கு வருகிறோம், எங்கே தங்குவது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அனுப்பிக் கடைசியில் எழுதியே வைத்துவிட்டேன். அறை வாடகை பற்றி இதில் அதிகம் இல்லை, அது மாதத்துக்கு மாதம் மாறும். எந்த ஊரில், அந்த ஊரின் எந்தப் பக்கத்தில் படுத்து எழும்பினால் பயணம் சுகமாகப் போகும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

பத்து நாள் வருகிறோம். எத்தனை ஊரில் தங்கலாம்?

நான்கு. மிஞ்சிப்போனால் ஐந்து.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட தமிழ்நாட்டில் சரிபாதி. அதனால் வரைபடத்தைப் பார்த்ததும் காலையில் கண்டி, மத்தியானம் சிகிரியா, இரவு திருகோணமலை என்று எழுதத்தான் கை போகும். வீதி அதற்கு இடம் கொடுக்காது. கண்டியிலிருந்து நுவரெலியா 75 கிலோமீட்டர்தான், ஆனால் வளைந்து வளைந்து ஏற இரண்டரை மணி நேரம் வேண்டும், முன்னால் ஒரு லொறி போய்க்கொண்டிருந்தால் மூன்று. கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர், அதற்கும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. தெற்கே காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் அதிவேகப் பாதை இருக்கிறது, அங்கே கிலோமீட்டர் கணக்கு ஓரளவு சரிவரும். மற்ற இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊரில் ஒரு இரவு மட்டும் என்றால் என்ன நடக்கும்? மத்தியானம் இரண்டு மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் பதினொரு மணிக்குத் திரும்பக் கேட்பார்கள், இடையில் நீங்கள் செய்தது பெட்டியைத் திறந்து மூடியதுதான். ஒரு ஊருக்கு இரண்டு இரவாவது கொடுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் சிலது குறையும், பரவாயில்லை.

எந்த மாதம் எந்தப் பக்கம் தங்க வேண்டும்?

அறையைத் தேடத் தொடங்குமுன் இதைத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சின்னத் தீவில் இரண்டு பருவமழை, இரண்டும் எதிர் எதிர்ப் பக்கத்தில் பெய்யும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை: கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, மலையகத்தின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும், தெற்குக் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை: யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு நனையும், தெற்கில் மெல்ல மெல்ல வெயில் வரும். ஒக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் மத்தியானத்துக்குப் பிறகு எங்கே என்றில்லாமல் இடியோடு மழை கொட்டும்.

கடற்கரையில் நாலு நாள் என்று ஆசையாக வருகிறவர்கள் ஜூலையில் வந்தால் கிழக்கே போங்கள், ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை வந்தால் தெற்கே போங்கள். லண்டனில் இருக்கும் தெரிந்த குடும்பம் ஒன்று பள்ளி விடுமுறை என்று ஓகஸ்டில் வந்து மிரிஸ்ஸவில் ஐந்து இரவு முன்பதிவு செய்திருந்தார்கள். அறைக்கு முன்னால் கடல் இருந்தது, கரையில் சிவப்புக் கொடியும் இருந்தது. பிள்ளைகள் ஐந்து நாளும் ஹோட்டல் குளத்தில்தான் குளித்தார்கள். அந்த ஐந்து இரவையும் நிலாவெளியில் கழித்திருக்கலாம்.

விமானம் நள்ளிரவில் இறங்குகிறது. முதல் இரவு கொழும்பா, நீர்கொழும்பா?

விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில், நீர்கொழும்பிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில். கொழும்பு அதைவிட மூன்று மடங்கு தூரம், அதிவேகப் பாதை இருப்பதால் நள்ளிரவில் ஓடிவிடலாம். அடுத்த நாள் சிகிரியா, அநுராதபுரம் பக்கம் போகிறீர்கள் என்றால் நீர்கொழும்பில் படுங்கள், கொழும்புக்குள் போய்த் திரும்பி வருவது வீண் வேலை. கொழும்பில் ஆட்களைப் பார்க்க வேண்டும், கண்டிக்கு ரயில் பிடிக்க வேண்டும், காலிக்குப் போக வேண்டும் என்றால் நேராகக் கொழும்பு. கடைசி இரவுக்கு நான் எல்லோருக்கும் நீர்கொழும்பைத்தான் சொல்வேன், காலை விமானத்துக்குப் பதறாமல் போகலாம்.

கொழும்பில் எந்தப் பகுதி?

கொழும்பை இலக்கத்தால் சொல்வது இங்கே வழக்கம். கொழும்பு 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம். முகவரியில் இந்த இலக்கத்தைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

கோட்டை, காலிமுகத்திடல் பக்கம் பெரிய ஹோட்டல்கள், கடல் காற்று, விலையும் அதற்கேற்ப. புறக்கோட்டையில் பகலெல்லாம் சந்தை, இரவில் வெறிச்சோடிவிடும், தங்க வேண்டாம். தமிழ் பேசிக்கொண்டு, காலையில் இட்லி சாப்பிட்டு, மாலையில் கோயிலுக்குப் போய், இரவில் மளிகை வாங்கித் திரும்ப வேண்டும் என்றால் வெள்ளவத்தைதான். எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓடும் ஒழுங்கைகளில் மாத வாடகைக்கும் நாள் வாடகைக்கும் அடுக்குமாடி வீடுகள் கிடைக்கும், ஆறு பேர் குடும்பத்துக்கு இரண்டு ஹோட்டல் அறையைவிட அது மலிவு, சமையலறையும் இருக்கும். ஒன்று மட்டும்: ரயில் பாதை கடலோரமாகவே போகிறது. கடல் பார்த்த அறை என்று எடுத்தால் விடியற்காலை முதல் ரயில் உங்கள் கட்டிலையும் சேர்த்துக் குலுக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது, புதிதாக வருகிறவர்கள் காலி வீதிப் பக்கமாக இரண்டு வீடு தள்ளி எடுங்கள்.

கல்கிசையில் கடற்கரை இருக்கிறது, நகரத்தின் இரைச்சல் குறைவு. ஆனால் வேலையாகக் கோட்டைக்குத் தினமும் போய்வர வேண்டியவர்களுக்கு ஒத்துவராது.

கண்டியில் மலை மேலா, குளத்துக்குப் பக்கத்திலா?

படங்களில் மலை மேல் இருக்கும் விடுதிகள்தான் அழகு. ஆனால் கண்டியில் உங்கள் வேலை என்ன என்று யோசியுங்கள். சாயங்காலப் பூசைக்குப் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் போவீர்கள், குளத்தைச் சுற்றி நடப்பீர்கள், கடைத்தெருவுக்குப் போவீர்கள். எல்லாம் கீழேதான். மேலே தங்கினால் ஒவ்வொரு தடவையும் ஓட்டோ பிடிக்க வேண்டும், மாலையில் ஊருக்குள் வாகன நெரிசல் தாங்காது. குளத்திலிருந்து பத்து நிமிடம் நடக்கும் தூரத்தில் ஒரு சாதாரண கெஸ்ட் ஹவுஸ் போதும். குரங்குகள் வரும், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கண்டியின் பெரிய யானை ஊர்வலமான எசல பெரஹரா நடக்கும் ஜூலை, ஓகஸ்ட் நாட்களில் வருவதாக இருந்தால் பல மாதம் முன்னதாகவே பதிய வேண்டும், வாடகை எகிறும். பெரஹராவைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அது தகும். இல்லையென்றால் அந்த வாரம் கண்டியைத் தவிருங்கள்.

சிகிரியா பார்க்க எந்த ஊரில் தங்குவது? தம்புள்ளையா, ஹபரணவா?

சிகிரியாக் கிராமத்திலேயே தங்குங்கள். தம்புள்ளை பெரிய காய்கறிச் சந்தை ஊர், இரவெல்லாம் லொறி ஓடும். ஹபரண வசதியான சந்தி, அங்கிருந்து பொலன்னறுவை, திருகோணமலை, அநுராதபுரம் எல்லாப் பக்கமும் வீதி பிரிகிறது, மின்னேரியாவில் ஓகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் கூட்டமாக யானை பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் சிகிரியாக் குன்று சுமார் 200 மீட்டர் உயரம், வெயில் ஏறுமுன் ஏறி இறங்க வேண்டும். கதவு திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்கப் பக்கத்தில் படுத்திருந்தால்தான் முடியும்.

கிராமத்தில் வீட்டுக்காரர்களே இரண்டு மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் தங்கிய ஒன்றில் மாமரத்தடியில் சாப்பாட்டு மேசை, வீட்டு அம்மா விறகடுப்பில் வைத்த பருப்பும் பலாக்காய்க் கறியும் கொண்டுவந்து வைத்தார். இருட்டியதும் அவர் மகன் வந்து சிங்களத்திலும் கையசைவிலுமாகச் சொன்னது ஒன்றுதான்: இனி நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ வெளியே போகாதீர்கள். ஒன்பது மணிபோல வீதியின் அந்தப் பக்கம் மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது, நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைப்பதை நிறுத்தின. டோர்ச் வெளிச்சத்தில் சாம்பல் நிறமாக ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் தங்குகிறவர்கள் இரவுச் சாப்பாட்டைத் தங்கும் இடத்திலேயே சொல்லி வைத்துவிடுங்கள், வெளியே கடை தேடிப் போக வேண்டாம்.

நுவரெலியாவா, எல்லவா? இரண்டுக்கும் நாள் இல்லை.

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இரண்டுக்கும் நடுவில் 55 கிலோமீட்டர்தான், இரண்டும் தேயிலை மலைதான். ஆனால் தங்குகிற அனுபவம் முற்றிலும் வேறு.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நிலத்தில் உறைபனி விழுகிற நாட்களும் உண்டு. இங்கே அறையை வெயில் காலத்துக் கண்ணோடு பார்க்கக் கூடாது. ஒரு தை மாதம் அம்மாவோடு போனபோது படத்தில் அழகாக இருந்த ஒரு பழைய பங்களாவில் அறை எடுத்தோம். உயரமான கூரை, மரத்தரை, பெரிய கண்ணாடி ஜன்னல். இரவு எட்டு மணிக்குப் போர்வையைத் தொட்டுப் பார்த்த அம்மா, இது காயவே இல்லையே என்றார். ஈரமில்லை, ஆனால் தோய்த்து அரைகுறையாகக் காயவைத்த துணி மாதிரி ஒரு குளிர்மை. தலையணையில் பூஞ்சண வாசனை. ஹீட்டர் கேட்டால் தனிக் கட்டணம் என்றார்கள், அதுவும் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, வேறு அறைக்குப் போய்விட்டது. கடைசியில் அங்கே வேலை செய்த ஒரு வயதான ஐயா, அவரும் தமிழ், பக்கத்துத் தோட்டத்துக்காரர், இரண்டு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா இன்றைக்கும் அந்தப் பங்களாவை மறந்துவிட்டு அந்த ஐயாவைத்தான் சொல்வார்.

அதனால் நுவரெலியாவில் பழைய அழகைவிட ஹீட்டரும், இருபத்துநான்கு மணி நேரச் சுடுதண்ணீரும், வெயில் விழும் பக்கத்து ஜன்னலும் முக்கியம். கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் பணம் கட்டுங்கள். ஏப்ரலில் அங்கே வசந்தகாலக் கொண்டாட்டம், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பே மேலேறி வந்துவிடும், அந்த மாதம் அறை விலை கேட்கவே வேண்டாம். ரயிலில் வருகிறவர்கள் இறங்க வேண்டியது நானுஓயா நிலையத்தில், ஊர் அங்கிருந்து சில கிலோமீட்டர் மேலே.

எல்ல ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், குளிர் இதமாக இருக்கும், ஒரு போர்வை போதும். ரயில் நிலையம், சாப்பாட்டுக் கடைகள், சின்ன சிவனொளிபாதமலைக்குப் போகும் பாதை, ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் நடக்கிற தூரத்தில். ஆனால் பெரிய வீதி இரவு வரை பாட்டும் சத்தமுமாக இருக்கும், வெளிநாட்டு இளைஞர்களுக்கான ஊராக மாறிக்கொண்டு வருகிறது. குடும்பமாக வருகிறவர்கள் பெரிய வீதியைவிட்டுப் பாலத்துப் பக்கமாகவோ, இல்லாவிட்டால் பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ தங்கலாம். என்னைக் கேட்டால் ஹப்புத்தளை. மலைமுகட்டில் உட்கார்ந்த ஊர், காலையில் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும், தமிழ் பேசினால் பதில் வரும், கூட்டம் இல்லை.

மலையக ரயிலில் போகிற ஆசையோடு அறையைப் போடுகிறவர்கள் முதலில் ரயில் ஓடுகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் பெரிய அளவில் சேதமானது. ஆசனப் பதிவு வழக்கமாக 30 நாள் முன்னதாகத் திறக்கும், நல்ல ஆசனங்கள் உடனே முடிந்துவிடும். ஆகவே ரயில் டிக்கெட் கையில் வந்த பிறகு அறையை உறுதிப்படுத்துங்கள்.

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் தங்கினால் நல்லது?

முதலில் எத்தனை நாள் என்று சொல்லுங்கள். கொழும்பிலிருந்து 400 கிலோமீட்டர் போய் ஒரு இரவு தங்கித் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மூன்று இரவு வையுங்கள். ஒரு நாள் ஊருக்குள், ஒரு நாள் தீவுகள், ஒரு நாள் கீரிமலை, காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பலாலியும், 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலும் இருக்கின்றன, ஓடும் நாட்களைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே பயணத்தைத் தொடங்கிக் கொழும்பில் முடிக்கலாம். வந்த வழியே திரும்புகிற அலைச்சல் இல்லை.

இடம் என்று பார்த்தால் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைச் சுற்றி இருப்பது எனக்குப் பிடிக்கும். அகலமான அமைதியான ஒழுங்கைகள், முற்றத்தில் மாமரம், கிணறு உள்ள வீடுகளையே அறைகளாக மாற்றியிருக்கிறார்கள். விடியற்காலைக் கோயில் மணியோடு எழும்பலாம். சைக்கிள் வாடகைக்குக் கேளுங்கள், தட்டையான ஊர், சைக்கிளில்தான் அது பிடிபடும். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் தங்கினால் தீவுப் பக்கம் போகிற பஸ் பிடிக்கவும், சந்தை, சாப்பாட்டுக்கும் லேசு, ஆனால் சத்தம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகு குறிகட்டுவானிலிருந்து போகிறது, அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரம் பிடிக்கும், காலைப் படகுக்கு நேரத்தோடு கிளம்ப வேண்டும். முதல் நாள் இரவே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் ஓட்டோ ஆளை அவரே ஒழுங்கு செய்து தருவார்.

நல்லூர்த் திருவிழா ஆவணி அமாவாசையை ஒட்டி முடியும் 25 நாட்கள். தேர், தீர்த்தத்துக்கு வருகிற எங்கள் ஆட்கள் உலகம் முழுக்க இருந்து வருவார்கள், நல்லூரில் அறை கிடைப்பது அந்த நாட்களில் பெரும் பாடு, கோயில் சுற்றுவட்டத்தில் வாகனம் விடமாட்டார்கள். கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் பாருங்கள். கோயிலை அண்டிய வீடுகள் பலதில் அந்த நாட்களில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை, வெளியிலிருந்து வாங்கி வந்து அறைக்குள் சாப்பிடவும் கூடாது. அதை மதித்து நடவுங்கள்.

தண்ணீர் கொஞ்சம் கனம், சுண்ணாம்புக்கல் நிலம் அப்படி. சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று பயப்படாதீர்கள். குடிக்க மட்டும் போத்தல் தண்ணீர்.

திருகோணமலையில் நகரமா, நிலாவெளியா?

கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும்தான் முக்கியம் என்றால் நகரம் அல்லது உப்புவெளி. கடலில் குளிப்பதும் புறாத்தீவுக்குப் படகில் போவதும்தான் முக்கியம் என்றால் நிலாவெளி. நான் நடுவில் இருக்கும் உப்புவெளியைச் சொல்வேன், கோயிலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், கடலும் வாசலில்.

பாசிக்குடாவில் கடல் இடுப்பளவு ஆழத்திலேயே வெகுதூரம் போகும், நீந்தத் தெரியாத பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இலங்கையிலேயே அதைவிட நல்ல கடல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே ஹோட்டலைவிட்டால் வேறொன்றும் கிடையாது. ஊரையும் மனிதரையும் பார்க்க வேண்டும் என்றால் மட்டக்களப்பு நகரில், வாவி ஓரமாக, கல்லடிப் பக்கம் தங்குங்கள். மாலையில் பாலத்தில் நின்றால் காற்று அள்ளிக்கொண்டு போகும். அறுகம்குடா அலைச்சறுக்குக்காரரின் ஊர், மற்றவர்கள் ஒரு நாள் போய்ப் பார்த்தால் போதும்.

காலிக் கோட்டைக்குள் தங்குவது தகுமா?

ஒரு இரவு தகும். ஒல்லாந்தர் கட்டிப் பெருக்கிய கோட்டை, 1988 முதல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது, பகலில் பஸ் பஸ்ஸாக வந்து போகிற கூட்டம் ஆறு மணிக்குப் பிறகு கலைந்துவிடும். அதற்குப் பிறகு மதில் மேல் நடக்கக் கிடைப்பது உள்ளே தங்குகிறவருக்குத்தான். குளிக்க நல்ல கடற்கரை இல்லை, விலை அதிகம். பிறகு உனவட்டுனவுக்கோ வெலிகமவுக்கோ போய்விடுங்கள். திமிங்கிலம் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, படகு அதிகாலையில் கிளம்பும் என்பதால் முதல் நாள் இரவு அங்கேயே இருக்க வேண்டும்.

கதிர்காமமும் யால வனவிலங்குப் பூங்காவும் சேர்த்துப் பார்க்க?

திஸ்ஸமகாராம. இரண்டுக்கும் கிட்ட, குளக்கரையில் நல்ல விடுதிகள் இருக்கின்றன. கதிர்காமத்தில் ஆடிவேல் நாட்களில் மடங்கள் நிரம்பி வழியும், அடியார்களோடு அப்படிக் கிடப்பதே சுகம் என்கிறவர்கள் மட்டும் அங்கே தங்குங்கள். யாலவின் முக்கியப் பகுதியை வழக்கமாகச் செப்டம்பரில் மூடி ஒக்டோபர் நடுவில் திறப்பார்கள்.

சிவனொளிபாதமலை ஏற ஹட்டனில் தங்கலாமா?

வேண்டாம். நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால்தான் சூரிய உதயத்துக்கு 2,243 மீட்டர் உச்சியில் நிற்கலாம். ஹட்டனிலிருந்து அடிவாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல். அடிவாரத்து நல்லதண்ணியில் எளிய விடுதிகள் இருக்கின்றன, மாலையில் போய் ஆறு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். இறங்கி வந்ததும் காலை நீட்டிப் படுக்கத் தோன்றும், ஆகவே மறுநாள் மத்தியானம் வரைக்கும் அறையைக் கேட்டு வையுங்கள். பருவம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை, மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, தேநீர்க் கடையும் இல்லை.

ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், ஹோம்ஸ்டே, வாடிவீடு: என்ன வித்தியாசம்?

வீதியோரம் ஹோட்டல் என்று பலகை போட்டிருந்தால் பெரும்பாலும் அது சாப்பாட்டுக் கடை, பெட்டியோடு உள்ளே போய்விடாதீர்கள். கெஸ்ட் ஹவுஸ் நாலு முதல் பத்து அறை, காலைச் சாப்பாடு தருவார்கள். ஹோம்ஸ்டேயில் வீட்டுக்காரரும் அதே கூரையின் கீழ். வாடிவீடு வெள்ளைக்காரன் காலத்தில் பயணம் போகிற அதிகாரிகள் தங்கிச் செல்லக் கட்டியது, ஊரிலேயே நல்ல காட்சி எங்கே தெரியுமோ அந்த இடத்தைப் பிடித்திருப்பார்கள், குளக்கரை, ஆற்றங்கரை, மலை விளிம்பு என்று. இப்போது பல ஹோட்டலாகிவிட்டன. அறை பழசாக இருந்தால் தங்க வேண்டாம், வழியில் இறங்கி ஒரு தேநீராவது குடித்துவிட்டுப் போங்கள்.

பெரிய ஊர்களில் கெஸ்ட் ஹவுஸும் கிராமத்தில் ஹோம்ஸ்டேயும் என்பது என் கணக்கு.

ஆப்பில் பதிவதா, நேரில் கேட்பதா? கடைசியில் பில் கூடுகிறதே?

விலை சொல்லும்போது பிளஸ் பிளஸ் என்று ஒரு வார்த்தை வரும். சேவைக் கட்டணம் 10 சதவீதமும் வரிகளும் தனி என்று அர்த்தம். பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். எல்லாம் சேர்ந்து முப்பது சதவீதத்துக்குக் கிட்டப் போகும். ஆகவே எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள்.

சின்ன இடங்களுக்கு ஆப்பில் பெயரைப் பிடித்து, நேரடியாகப் பேசிப் பாருங்கள், பலர் குறைத்துத் தருவார்கள், ஆப்புக்குக் கொடுக்கும் தரகு அவர்களுக்கு மிச்சம். பதிந்துவிட்டுச் சொல்லாமல் வராமல் விடாதீர்கள். மூன்று அறை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு ஒரு இரவு வெறுமனே போவது பெரிய அடி.

வயதான அப்பா அம்மாவோடு வருகிறோம். அறை எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

வாகனம் வாசல் வரை வருமா? இதுதான் முதல் கேள்வி. மலையகத்தில் அறையிலிருந்து தெரியும் காட்சியைப் படம் எடுத்துப் போடுவார்கள், அறைக்கு ஏறும் படியை யாரும் போடுவதில்லை. எல்லவில் ஒரு தடவை எண்ணினேன், 94 படி, கைப்பிடி இல்லை, மழை பெய்து பாசி பிடித்திருந்தது. அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டார், நாங்கள் கீழேயே வேறு அறை தேடிப் போனோம், கட்டிய பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல் நான் எங்கேயும் பதிவதில்லை.

பிறகு தரைத்தளமா, மேற்கத்திய கழிப்பறையா, குளியலறைத் தரை வழுக்குமா, இரவில் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். நுளம்பு (கொசு) வலை கேட்டு வாங்குங்கள். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்துவிட்டது, ஆனால் டெங்கு இருக்கிறது, அது பகலில் கடிக்கிற நுளம்பு.

சைவம் மட்டும் சாப்பிடுவோம். எங்கே கஷ்டம்?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கண்டி, நுவரெலியா, யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாவற்றிலும் சைவக்கடை இருக்கிறது. தெற்குக் கரையில்தான் தேட வேண்டும். சிங்கள வீடுகளில் பருப்பு, பலாக்காய், மரக்கறி எல்லாம் அருமையாகச் சமைப்பார்கள், ஆனால் சம்பலில் மாசிக் கருவாடு போடுவது வழக்கம், அவர்களுக்கு அது மீனாகவே தோன்றாது. மாசியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள்.

வேன் சாரதி இரவில் எங்கே தூங்குவார்?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, கேளுங்கள். பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் சாரதிகளுக்கென்று அறையும் சாப்பாடும் உண்டு. சின்ன இடங்களில் இருக்காது, மனுஷன் வேனிலேயே கிடப்பார். மறுநாள் மலைவீதியில் உங்கள் பிள்ளைகளோடு வண்டி ஓட்டப் போவதும் அவர்தான். பதியும்போதே சாரதிக்கு அறை உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் ஒரு அறைக்குப் பணம் கொடுங்கள்.

எந்த நாட்களில் அறை கிடைக்காது?

சித்திரைப் புத்தாண்டு, ஏப்ரல் 13, 14ஐச் சுற்றிய ஒரு கிழமை. சாரதிகள் ஊருக்குப் போய்விடுவார்கள், கடைகள் பூட்டு. டிசம்பர் கடைசி. பௌர்ணமி நாள் இங்கே பொது விடுமுறை, அது வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் மூன்று நாள் விடுமுறை, உள்ளூர் ஆட்களே மலையகத்தையும் கடற்கரையையும் நிரப்பிவிடுவார்கள்.

சொந்தக்காரர் வீடு இருக்கிறது. அங்கே தங்குவதா, ஹோட்டலா?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். வீட்டில் தங்காவிட்டால் கோபிப்பார்கள், தங்கினால் ஊர் சுற்ற விடமாட்டார்கள். முதல் இரண்டு இரவு வீட்டில் தங்கிவிடுங்கள், கொண்டுவந்த சாமான்களைக் கொடுத்து, எல்லோரையும் பார்த்து, பெரிய பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டுச் சின்னப் பையோடு கிளம்புங்கள். திரும்பி வந்து போகுமுன் இன்னொரு இரவு. வருகிற திகதியையும் எத்தனை பேர் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும்தான். அம்மா மா வறுத்து வைக்க இரண்டு நாள் வேண்டும் என்கிறார், மொட்டைமாடி அறையின் ஃபேனையும் திருத்த வேண்டியிருக்கிறது.